வணிகத்தில் சரக்கு நிர்வாகம்: நம் இளைஞர் அறிய வேண்டுவன

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் சங்க மேடைகளில் கல்வியின் சிறப்பு, இடஒதுக்கீட்டு உரிமை, அரசுத் தேர்வு ஆகியவை குறித்து அறிஞர் பலர் பேசியுள்ளனர். இன்று நமக்குத் தரப்பட்டுள்ள பொருள் சற்றுப் புதியது. பள்ளி ஆசிரியருக்கும் சரக்கு நிர்வாகத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பு மிக நெருங்கியது. பள்ளியைவிட்டு வெளியேறும் நம் பிள்ளைகள் எங்கே செல்கின்றனர் என்று ஒரு கணம் நோக்குங்கள். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக ஒரகடம் வரையிலும், வண்டலூர் தொடங்கி மறைமலைநகர் வரையிலும், அப்பால் திருப்பெரும்புதூர் வரையிலும் கிடங்குகள் எழுந்து நிற்கின்றன. அவற்றில் மூட்டை இறக்கவும், பெட்டி அடுக்கவும், இருசக்கர வண்டியில் பொருள்களை வீடுதோறும் கொண்டு சேர்க்கவும் செல்வோருள் நம் பிள்ளைகள் ஏராளம்.

உழைப்பு இழிவன்று. ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்டேயாக வேண்டும். அந்தக் கிடங்கின் வாயிலில் நுழையும் நம் பிள்ளை தோள்வலியை மட்டும் கொண்டு நுழைகிறானா, தொழிலின் அறிவையும் கொண்டு நுழைகிறானா? சுமையைத் தூக்குவோர்க்குக் கிடைப்பது அன்றாடக் கூலி. அந்தச் சுமை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எப்போது போக வேண்டும், என்ன செலவில் போகிறது என்பதை அறிந்தவர்க்குக் கிடைப்பது பதவியும் இலாபமும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பதற்கான முதற்படியே இன்றைய பேச்சு.

சரக்கு நிர்வாகம் என்பது யாது?

ஆங்கிலத்தில் இதனை லாஜிஸ்டிக்ஸ் என்பர். தளவாட மேலாண்மை என்று தமிழில் எழுதுவோரும் உளர். நாம் எளிமை கருதிச் சரக்கு நிர்வாகம் என்றே கூறுவோம். சரியான பொருளை, சரியான அளவில், கெடாத நிலையில், உரிய இடத்தில், உரிய நேரத்தில், உரியவரிடம், கட்டுப்படியாகும் செலவில் சேர்ப்பதே இதன் சுருக்கமான இலக்கணம். இவ்வேழனுள் ஒன்று தவறினாலும் வாணிபம் கெடும். பொங்கலுக்கு வரவேண்டிய கரும்பு பொங்கல் கழித்து வருமாயின், கரும்பு நன்று, விலை நன்று, இடமும் நன்று. காலம் ஒன்று தவறியதால் அனைத்தும் வீண்.

இத்துறை முதலில் போர்க்களத்திலேயே தனிக் கலையாக வளர்ந்தது. படைக்கு உணவும் தீவனமும் வெடிமருந்தும் தொடர்ந்து சென்று சேராவிடில், வீரம் மட்டும் வெற்றி தாராது. அந்த அறிவு பின்னர் வாணிபத்திற்கும் வந்தது.

தமிழருக்கு இது முற்றிலும் புதிதன்று. உப்பு வணிகராகிய உமணர் மாட்டு வண்டிகளில் மேடும் பள்ளமும் கடந்து நெடுந்தொலைவு சென்றனர். வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று முன்னரே எண்ணி, வண்டியின் கீழே மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு கூறுகிறது. அதற்குச் சேம அச்சு என்று பெயர். இன்றைய நிர்வாக நூல்கள் பாதுகாப்பு இருப்பு என்று கூறும் கருத்து அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகளுக்குச் சோழரின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. மயிலிறகே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்தார். அதிகச் சுமை ஏற்றி ஓட்டும் லாரி உரிமையாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய அறிவுரை அது.

சரக்கு வழி தவறினால் உயிர் போகும்

வணிகர்தம் இலாபத்திற்கு மட்டும் உரிய துறை இது என்று எண்ணிவிட வேண்டா. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. அக்காலத்தில் சென்னைக்குக் கடல்வழியே தானியம் வந்துகொண்டுதான் இருந்தது. கடற்கரையில் மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. எனினும் உள்நாட்டு மாவட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். குவிந்த தானியத்தை எடுத்துச் செல்ல அன்றைய இரயில் பாதைகளும் வண்டிகளும் போதவில்லை; சென்று சேர்ந்த இடங்களிலும் விலை ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அரசு அளித்த நிவாரணமோ மிகக் குறைவு. பஞ்ச நிவாரண வேலையாகவே சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரை அக்கால்வாய் தாங்கியுள்ளது. மண்ணை வெட்டிச் சுமந்த எலும்பும் தோலுமான மக்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பொருள் இருந்தால் மட்டும் போதாது. அது தேவைப்படும் வாயைச் சென்று சேர வழி வேண்டும், வாங்கும் சக்தியும் வேண்டும் என்பதே அப்பஞ்சம் நமக்கு உணர்த்தும் பாடம்.

அதே நூற்றாண்டில் நம்மவர் ஒருவர் சரக்குத் தொழிலில் சிறந்து விளங்கிய வரலாற்றையும் இளைஞர்கள் அறிய வேண்டும். சென்னையிலிருந்து பர்மா சென்ற பெ. மா. மதுரைப்பிள்ளை அவர்கள், இரங்கூன் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர் தொழிலிலும், வணிக நிறுவனங்களுக்கும் கப்பல்களுக்கும் இடைநின்று காரியம் முடிக்கும் துபாஷ் தொழிலிலும் பெருஞ்செல்வராய் உயர்ந்தார். தமிழ்ப் புலவர்களைப் புரந்தார். அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவர்கள் இவருடைய பேத்தியாவார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் அன்றும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். எந்தக் கப்பலுக்கு எத்தனை ஆள், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று கணக்கிட்டு ஒப்பந்தம் செய்யும் திறனே இவரை உயர்த்தியது.

சரக்கு நிர்வாகத்தின் ஐந்து உறுப்புகள்

1. கொள்முதல்: விலை குறைவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குவதே கொள்முதல் என்று பலர் கருதுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தாம்பரத்தில் கடை வைத்துள்ள ஒருவர் சிவகாசியில் நோட்டுப் புத்தகம் வாங்குகிறார். உள்ளூர் மொத்த வியாபாரியைவிட ஒன்றுக்கு 3 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். லாரிச் செலவு 1 ரூபாய், ஏற்று இறக்குக் கூலியும் சேதமும் 50 காசு, முன்பணத்திற்கு வட்டி 75 காசு. மீதம் 75 காசுதான். பள்ளி திறக்கும் நாளுக்குள் சரக்கு வாராவிடில் அதுவும் இல்லை. ஆகவே வாங்கும் விலையை மட்டும் பாராமல், பொருள் நம் கடைக்குள் வந்து சேரும் வரையிலான மொத்தச் செலவையும் பார்க்க வேண்டும். இத்துறையின் முதல் விதி இதுவே.

2. கிடங்கு: குடோன் என்பது பொருளைப் போட்டுப் பூட்டும் அறை என்பது பழைய எண்ணம். நல்ல கிடங்கு ஒரு நல்ல நூலகத்தை ஒத்தது. நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் எண் உண்டு, அந்த எண்ணுக்கு ஒரு தட்டு உண்டு. கிடங்கிலும் வரிசை, அலமாரி, தட்டு, அறை என்று ஒவ்வொரு பொருளுக்கும் முகவரி இருத்தல் வேண்டும். வந்த சரக்கை எண்ணிச் சரிபார்த்து வரவுச் சீட்டு எழுதுதல், உரிய இடத்தில் வைத்தல், ஆர்டர் வந்ததும் எடுத்தல், கட்டுதல், அனுப்புதல் எனப் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும். முன்னே வந்த சரக்கு முன்னே செல்ல வேண்டும் என்பது பொது விதி. மருந்து, உணவு போன்றவற்றில் முதலில் காலாவதியாவது எதுவோ அதுவே முதலில் செல்ல வேண்டும். வேகமாக விற்பவை வாயிலின் அருகிலும், மெதுவாக விற்பவை உள்ளேயும் இருத்தல் நலம். இச்சிறு ஒழுங்கே ஒரு தொழிலாளியின் நாளொன்றுக்கான நடையைப் பெரிதும் குறைக்கும்.

3. இருப்பு: அரசுப் பள்ளிகளின் சத்துணவு மையங்களில் இருப்புப் பதிவேட்டை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு என்னும் நான்கு பத்திகளில் ஒரு பெரிய கம்பெனியின் கணக்கும் அடங்கும். 200 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100 கிராம் என்று கொண்டால் நாளொன்றுக்கு அரிசி 20 கிலோ. எழுதிக் கேட்டபின் அரிசி வந்து சேர 5 பள்ளி நாள் ஆகுமாயின் அதற்குள் 100 கிலோ செலவாகும். மழையாலோ வண்டித் தடையாலோ தாமதமானால் என் செய்வது? மூன்று நாளுக்குரிய 60 கிலோவைச் சேம இருப்பாகக் கொள்வோம். ஆகவே இருப்பு 160 கிலோவைத் தொட்டதுமே எழுதிக் கேட்டுவிட வேண்டும். இதனை மறு ஆர்டர் அளவு என்பர். உமணரின் சேம அச்சும் இந்த 60 கிலோவும் ஒரே அறிவின் இரு வடிவங்கள்.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கரான ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் 1913இல் இதற்கு ஒரு வாய்பாடு கண்டார். ஆண்டுக்கு 1,800 பெட்டி சோப்பு விற்கும் கடையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் ஆர்டர் கொடுத்துச் சரக்கைக் கொண்டுவர ஆகும் செலவு ₹400. ஒரு பெட்டியை ஓராண்டு வைத்திருக்க இடவாடகை, வட்டி, சேதம் எல்லாம் சேர்த்து ₹16. மாதந்தோறும் 150 பெட்டி வாங்கினால் ஆர்டர் செலவு ₹4,800, சராசரி இருப்பாகிய 75 பெட்டிக்கு ₹1,200, மொத்தம் ₹6,000. ஆண்டுக்கு இருமுறை 900 பெட்டி வாங்கினால் ஆர்டர் செலவு ₹800தான்; ஆனால் சராசரி இருப்பு 450 பெட்டிக்கு ₹7,200; மொத்தம் ₹8,000. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை 300 பெட்டி வாங்கினாலோ ஆர்டர் செலவு ₹2,400, இருப்புச் செலவு ₹2,400, மொத்தம் ₹4,800. இதுவே மிகக் குறைந்த செலவு. இவ்விரு செலவுகளும் சமமாகும் இடத்திலேயே சிக்கனம் நிற்கிறது. வாய்பாடு வேண்டுவோர் குறித்துக்கொள்ளுங்கள்: ஆண்டுத் தேவையை ஆர்டர் செலவால் பெருக்கி, அதனை இரட்டித்து, ஒரு பொருளின் ஆண்டு இருப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதும்.

4. போக்குவரத்து: சாலை, இரயில், கடல், வான் என வழிகள் நான்கு. விரைவு கூடக் கூடச் செலவும் கூடும். கனமான, விலை குறைந்த பொருளுக்கு இரயிலும் கப்பலும் ஏற்றவை. உயிர்காக்கும் மருந்துக்கும் நுண்ணிய மின்னணுப் பாகங்களுக்கும் வானூர்தி ஏற்றது. வீட்டு வாசல் வரை செல்லவல்லது சாலை ஒன்றே.

லாரித் தொழிலின் உயிர்நாடி திரும்பும் லோடு. தாம்பரத்திலிருந்து திருச்சிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ₹30 செலவு என்று கொண்டால் போய்வர ₹18,000. 10 டன் ஏற்றிச் சென்று வெறும் வண்டியாகத் திரும்பினால் டன் ஒன்றுக்கு ₹1,800 அடக்கம். திரும்பும்போதும் 10 டன் கிடைத்தால் அடக்கம் ₹900 ஆகிவிடும். சொந்த வண்டி இருந்தும் கடனாளியானோர் பலர் வண்டியைக் குறை கூறுவர். குறை வெறும் வண்டியாகத் திரும்பிய தூரத்தில் இருக்கிறது.

ஒரு லாரிக்காரரின் சிந்தனை உலக வாணிபத்தையே மாற்றியதும் உண்டு. அமெரிக்காவில் ஒரே ஒரு பழைய வண்டியுடன் தொழில் தொடங்கிய மால்கம் மெக்லீன் என்பவர், மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குவதை விடுத்துப் பெட்டியோடு தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று சிந்தித்தார். 1956 ஏப்ரல் 26ஆம் நாள் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 கன்டெய்னர்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. டன் ஒன்றுக்குச் சுமார் 5.8 டாலராக இருந்த ஏற்றுகூலி 16 சென்ட்டாகக் குறைந்தது என்று கணக்கிட்டனர். நம் சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது.

இளைஞர்களே, இச்செய்தியின் மறுபக்கத்தையும் நோக்குங்கள். ஏற்றுகூலி குறைந்தது என்றால் அந்தக் கூலியை வாங்கியவர் வேலை குறைந்தது என்று பொருள். கன்டெய்னர் சென்ற துறைமுகங்களில் எல்லாம் மூட்டை சுமந்தவர் கூட்டம் மெலிந்தது. பளுதூக்கியை இயக்கத் தெரிந்தவரும் ஆவணம் எழுதத் தெரிந்தவரும் நிலைத்தனர். இன்று கிடங்குகளிலும் இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தோளை மட்டும் நம்பி நிற்பது நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து உணரலாம்.

5. ஆவணமும் செய்தியும்: சரக்கு நகரும் முன் காகிதம் நகர வேண்டும். இன்வாய்ஸ், டெலிவரி சலான், லாரி ரசீது, பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பம் ஆகியவற்றின் பொருளை ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். லாரி ரசீது என்பது வெறும் துண்டுச் சீட்டன்று. சரக்கை ஒப்புக்கொண்டதற்கான உடன்படிக்கை. 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. மாநில எல்லை வரிச் சாவடிகள் நீங்கின. ஒவ்வொரு மாநிலத்திலும் சிறு குடோன் வைத்திருந்த கம்பெனிகள் சில இடங்களில் மட்டும் பெருங்கிடங்குகளை அமைக்கலாயின. 2018 முதல் இ-வே பில் நடைமுறையில் உள்ளது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கின் மதிப்பு ₹50,000க்கு மேற்பட்டால் அது கட்டாயம். தமிழ்நாட்டிற்குள் இவ்வரம்பு ₹1 லட்சமாக வைக்கப்பட்டது. இதனை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அலுவலக நாற்காலி உண்டு. தெரியாத பிள்ளை வெளியே வண்டியின் அருகில் நிற்க வேண்டியதுதான்.

நம் வட்டாரத்தின் இடச்சிறப்பு

தாம்பரம் தென் மாவட்டங்களுக்குத் தலைவாயில். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் இவ்வூர் நகரோடு பிணைக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலை ஊரின் நடுவே செல்கிறது. பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை சுமார் 32 கிலோமீட்டர்ப் புறவழிச்சாலையும், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையும் நம்மைத் திருவள்ளூர், பெங்களூர், கல்கத்தாச் சாலைகளோடும் வடசென்னைத் துறைமுகங்களோடும் இணைக்கின்றன. மீனம்பாக்கம் விமான நிலையம் அருகில். திருப்பெரும்புதூர், ஒரகடம் மோட்டார்த் தொழிற்சாலைகள் மேற்கே. அங்கே உருவாகும் கார்கள் வாலாஜாபாத் நிலையத்தில் இரயிலேறி நாடெங்கும் செல்கின்றன. பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடு இருப்பதால், பெரிய லாரியின் சரக்கைக் குட்டி யானை போன்ற சிறு வண்டிகளுக்கு மாற்றிக் கொண்டுசெல்லும் தொழிலுக்கு நம் புறநகரில் இடமுண்டு.

ஆயினும் இடம் நம்முடையதாய் இருந்தும் வாணிபம் நம்முடையதாய் இல்லாத அனுபவம் நமக்கு உண்டு. குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடைபெற்றது. தோலைச் சுமந்தும், சுண்ணாம்பிலும் சாயத்திலும் கைகால் வெந்தும் உழைத்தோருள் நம்மவர் பலர். அதே தோல் கப்பலேறியபோது அதன் விலையை எழுதிய கணக்குப் பேரேடு நம் கையில் இல்லை. ஒரகடத்துக் கிடங்குகளிலும் அதே கதை நிகழ்ந்துவிடக் கூடாது என்பதே நம் கவலை.

கடைசி மைல்

சரக்கு நிர்வாகத்தில் மிகக் கடினமானதும் செலவு மிகுந்ததும் கடைசி மைல் என்பர். ஆயிரம் மைல் ஒன்றாக வந்த சரக்கு அங்கேதான் வீடுவீடாகப் பிரிய வேண்டும். நம் குடியிருப்புகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். சாலை முடியும் இடத்தில், ஏரிக் கரையில், தாழ்ந்த நிலத்தில் நம் தெரு தொடங்குகிறது. தண்ணீர் லாரியாயினும் எரிவாயு உருளையாயினும் ஆம்புலன்சாயினும் கடைசியில் வரும் இடம் அதுவே. ஊரையும் சேரியையும் பிரித்து வைத்தவர்கள் நம்மை வழியின் கோடியில் வைத்தார்கள்.

2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. விமான நிலையம் சில நாள் மூடப்பட்டது. பால் பல மடங்கு விலைக்கு விற்றது. தமிழகமெங்குமிருந்து நிவாரணப் பொருள் லாரி லாரியாக வந்தது. நல்லோர் அள்ளிக் கொடுத்தனர். ஆனால் லாரி நின்ற இடம் பெருஞ்சாலை. சாலையோரத்தில் இருந்தவர்க்கு மூன்று போர்வை கிடைத்தது. முழங்கால் நீரில் உட்பகுதியில் நின்றவர்க்கு ஒன்றும் கிடைக்காத நிலையும் இருந்தது. கொடை குறையவில்லை, பட்டியலும் சிறு வண்டிகளும் பொறுப்பேற்கும் ஆளும் குறைந்தன. தெருவாரியாக வீடு எத்தனை, குழந்தை எத்தனை, நோயாளி எத்தனை என்னும் பட்டியலை நம் இளைஞர் மன்றங்கள் எப்போதும் கையில் வைத்திருந்தால், அடுத்த வெள்ளத்தில் எத்தனையோ உயிர்களும் மானமும் காக்கப்படும். இதுவும் சரக்கு நிர்வாகமே.

தடைகளை அறிவோம்

திறமை இருந்தால் போதும், எல்லாம் கிட்டும் என்று உங்களுக்கு ஆசை காட்ட நாம் விரும்பவில்லை. உலகப் பல்கலைக்கழகங்களில் பொருளாதாரம் கற்ற அண்ணல் அம்பேத்கர் அவர்கள், பம்பாயில் பங்கு வணிகத்திற்கு ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் இன்ன சாதியினர் என்று அறிந்ததும் வாடிக்கையாளர் வருகை நின்றதென்று அவர் வரலாறு கூறுகிறது. அவர் அதனோடு ஓய்ந்துவிடவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்த் துறை உறுப்பினராக இருந்தபோது, நீர்வளம், மின்சாரம், உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்து ஆகியவற்றுக்கான தேசியத் திட்டத்திற்கு அடித்தளம் இட்டார். 1945இல் அமைந்த மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் அக்காலத்தின் விளைவாகும்.

இன்றும் குடோன் வாடகைக்குக் கேட்டால் சாதி கேட்போர் உண்டு. கடன் சரக்கு தரத் தயங்குவோர் உண்டு. தனியொருவராக நின்றால் இத்தடை பெரிது. கூட்டாக நின்றால் சிறிது. பத்து இளைஞர் தனித்தனியே பத்து வண்டி ஓட்டுவதைவிட, ஒரு சங்கமாகப் பதிந்து ஒரு புக்கிங் அலுவலகம், ஒரு கணக்கு, ஒரு பழுதுபார்ப்பு ஏற்பாடு என்று நடத்தினால் திரும்பும் லோடும் கிடைக்கும், வங்கியும் மதிக்கும்.

இனிச் செய்ய வேண்டுவன

முதலாவது, பயிற்சி. சரக்குத் துறைக்கான திறன் குழு சென்னையையே தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. கல்லூரிகளில் லாஜிஸ்டிக்ஸ் சேர்ந்த பி.காம்., பி.பி.ஏ. பட்டப் படிப்புகள் உள்ளன. நம் பெண் பிள்ளைகளும் இவற்றில் சேர வேண்டும். கிடங்குக் கணக்கிற்கும் ஆவணப் பணிக்கும் மீசை தேவையில்லை.

இரண்டாவது, முதலீடு. 1974இல் அமைக்கப்பட்ட தாட்கோ நிறுவனத்தை அனைவரும் அறிவர். 2023இல் கொண்டுவரப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், ஆதிதிராவிடர், பழங்குடியினரான தொழில் முனைவோர்க்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும் வட்டிச் சலுகையும் வகுத்தது. மானியத்தின் உச்ச அளவு ₹1.5 கோடி. மானியம் கிடைக்கிறது என்பதற்காக வண்டி வாங்காதீர்கள். லோடு எங்கே என்று உறுதி செய்தபின் வாங்குங்கள்.

மூன்றாவது, உரிமை. ஏற்று இறக்குத் தொழில் செய்வோர் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்படி அமைந்த நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இணையவழி நிறுவனங்களுக்குப் பொருள் கொண்டு சேர்க்கும் தொழிலாளர்க்கென 2023இல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. 55 கிலோவுக்கு மேற்பட்ட சுமையை ஒருவர் கையால் தூக்கும் வழக்கத்தைக் குறைக்க வேண்டுமென்று சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967இலேயே பரிந்துரைத்தது. முதுகெலும்பு ஒன்றுதான், அதற்கு உதிரிப் பாகம் கடையில் கிடையாது.

நான்காவது, கணக்கு. இருசக்கர வண்டியில் பொருள் கொண்டு சேர்க்கும் தம்பி, மாலையில் ₹800 ஈட்டினேன் என்கிறான். நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கிடைத்து, பெட்ரோல் ₹100 என்று கொண்டால் அதற்கே ₹220க்கு மேல். டயர், எண்ணெய், வண்டித் தேய்மானம் ₹100. கைப்பேசிச் செலவு ₹15. கையில் நிற்பது சுமார் ₹465. இதனை எழுதிப் பார்த்தவனே கூலி உயர்வு கேட்கும் தகுதியும், வேறு தொழிலுக்கு மாறும் தெளிவும் பெறுவான். ஆகவே இன்றிரவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வரவு, செலவு, ஓடிய தூரம், காத்திருந்த நேரம் ஆகிய நான்கையும் நாள்தோறும் எழுதுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் தொழில் உங்களுக்கே புலப்படும்.

முடிவாக, கிடங்கில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மூட்டையை இறக்கியதும் அதன்மீது ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது, என்ன விலை, எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். இன்று பதில் சொல்லாதவர் நாளை சொல்வார். கேட்டுக் கேட்டு அறிந்தவனை எந்த நிர்வாகமும் நெடுநாள் லோடுமேனாகவே வைத்திருக்க இயலாது. அப்படியே வைத்திருந்தாலும், அவன் வெளியே வந்து சொந்தத் தொழில் நடத்தும் ஆற்றல் பெற்றிருப்பான்.

இச்சங்கத்தின் மாலை வகுப்புகளில் வாரம் ஒரு மணி நேரம் சரக்குக் கணக்கும் ஆவணப் பயிற்சியும் கற்பிக்க நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். முதல் வகுப்பை நடத்தித் தர நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.